‘எமாலுமென்ட்ஸ்’ என்று எழுதிவிட்டால் அது சம்பளம் இல்லையா?

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பள்ளி அடையாளங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2011 ஜூன் 6 முதல் 2025 ஏப்ரல் 30 வரை ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தார். சேரும்போது 4,500 ரூபாய், கடைசியில் 13,000. தாயார் பக்கவாதத்தில் விழுந்ததால் தானே எழுதிக் கொடுத்துவிட்டு விலகினார். பணிக்கொடை (கிராஜுவிட்டி) கேட்கப் போனபோது தாளாளர் நியமன ஆணையை எடுத்து மேசைமேல் வைத்தாராம். “இதில் சேலரி என்று எங்காவது இருக்கிறதா டீச்சர்? கன்சாலிடேட்டட் எமாலுமென்ட்ஸ் என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியென்றால் மதிப்பூதியம். மதிப்பூதியம் வாங்கியவருக்கு கிராஜுவிட்டியும் இல்லை, பி.எஃப்.பும் இல்லை.”

வேறு சில சிக்கல்களும் உண்டு. மே மாதம் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு ஜூனிலும் புதிதாகச் சேர்வதுபோல் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். 2019 முதல் வவுச்சர்களில் ‘ஹானரேரியம்’ (மதிப்பூதியம்) என்று ரப்பர் முத்திரை குத்தத் தொடங்கினார்கள். கடைசி இரண்டு ஆண்டுகளாக 13,000 ரூபாயை 10,400, பயணப்படி 2,600 என்று பிரித்துக் காட்டினார்கள். விலகும்போது, ‘இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை’ என்ற தாளில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அசல் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கணவர் சாகுபடி செய்யும் ஆறு மா நிலம் தாளாளர் குடும்பத்துக் குத்தகை நிலம். அரசுப் பணியில் ஓய்வுபெற்ற அண்ணனோ, “எமாலுமென்ட்ஸ் என்றால் அடிப்படைச் சம்பளம் மட்டும்தான். உனக்கு அதுவே இல்லை. ஊரோடு ஒத்துப் போ” என்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

தாளாளர் உங்களுக்கு எதிராக நீட்டிய அந்தச் சொல் உண்மையில் உங்கள் பக்கம் நிற்கிறது. அவர் அந்த ஆணையை இனி யாரிடமும் காட்டாமல் இருப்பதுதான் அவருக்கு நல்லது.

1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தை எடுத்து, ‘ஊதியம்’ என்பதற்கு அது தரும் இலக்கணத்தைப் பாருங்கள். 2ஆவது பிரிவில் இருக்கிறது. பணியில் இருக்கும்போதோ விடுப்பில் இருக்கும்போதோ, பணி நிபந்தனைகளின்படி ஒருவர் ஈட்டி, ரொக்கமாகப் பெறுகிற அல்லது பெறவேண்டிய எல்லா ‘எமாலுமென்ட்ஸ்’ஸும் ஊதியம் என்கிறது ஆங்கில மூலம். அதே சொல்தான். வருங்கால வைப்பு நிதிக்கான (பி.எஃப்.) 1952ஆம் ஆண்டுச் சட்டமும் ‘அடிப்படை ஊதியம்’ என்பதை விளக்கும்போது அதே சொல்லில்தான் தொடங்குகிறது. சம்பளம் என்று எழுதாமல் தப்பித்துவிட்டதாக நினைத்து, சட்டமே கையாளும் சொல்லை எடுத்து ஆணையில் எழுதி வைத்திருக்கிறார்கள். நானே உட்கார்ந்து உங்களுக்காக ஓர் ஆணையை எழுதியிருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக வந்திருக்குமா என்று தெரியவில்லை.

ஒரு பதவியிலிருந்து அல்லது வேலையிலிருந்து ஒருவருக்குக் கிடைக்கிற வரும்படி என்பதுதான் அந்தச் சொல்லின் பொதுப் பொருள். சம்பளம், கூலி, கட்டணம், படி எல்லாம் அதற்குள் அடங்கும். லத்தீனில் இதன் வேர் தானியம் அரைப்பதோடு தொடர்புடையது. மாவு அரைத்துக் கொடுத்தவருக்கான கூலியை முதலில் குறித்திருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நம் பக்கத்து அரவை மில்லில் கொடுக்கும் காசுதான். பின்னால் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு அரசியலமைப்புச் சட்டம்வரை போய்விட்டது. குடியரசுத் தலைவருக்கு நாடாளுமன்றம் நிர்ணயிக்கும் வரும்படியை 59ஆவது உறுப்பும், ஆளுநருடையதை 158ஆவது உறுப்பும் இந்தச் சொல்லால்தான் குறிக்கின்றன. குடியரசுத் தலைவர் மதிப்பூதியத்துக்கா வேலை பார்க்கிறார்?

அண்ணன் சொன்னதும் முழுத் தவறல்ல. அரசு ஊழியர் ஓய்வூதிய விதிகளில் இந்தச் சொல்லைப் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தோடு சுருக்கிவிடுகிறார்கள். அவருடைய ஓய்வூதியக் கணக்கு அப்படித்தான் போடப்பட்டிருக்கும். ஆனால் அது அவருடைய விதிப்புத்தகம். ஒரு சொல்லுக்கு ஒவ்வொரு சட்டமும் தன் எல்லைக்குள் ஓர் இலக்கணம் வகுத்துக்கொள்ளும். உங்கள் வழக்குக்குப் பொருந்துவது பணிக்கொடைச் சட்டத்தின் இலக்கணம் மட்டுமே. நீங்கள் மகளின் அகராதியில் தேடியதாக எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தில் இலக்கணம் இருக்கும்போது அகராதிக்கு வேலை குறைவு.

மதிப்பூதியம் என்ற முத்திரை

இனி அந்த ரப்பர் முத்திரைக்கு வருகிறேன். ஒரு நாள் சொற்பொழிவுக்கு வந்தவருக்கு, தேர்வுத்தாள் திருத்தியவருக்கு, ஒரு குழுவில் கௌரவப் பொறுப்பில் இருப்பவருக்குக் கொடுப்பது மதிப்பூதியம். காலை ஒன்பது மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, தாமதமாக வந்தால் அரை நாள் பிடிக்கப்பட்டு, பதினான்கு கல்வியாண்டுகள் பாடவேளை எடுத்தவருக்குக் கொடுத்ததை அந்தப் பெயரால் அழைத்தால் அதன் தன்மை மாறிவிடாது.

இது என் வாதம் மட்டுமல்ல. குஜராத்தின் அங்கன்வாடிப் பணியாளர்களும் உதவியாளர்களும் தொடர்ந்த வழக்கில் 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அவர்களுக்கு அரசு கொடுத்துவந்தது ‘ஹானரேரியம்’ என்ற பெயரில்தான். இது மதிப்பூதியம், ஊதியமல்ல என்ற வாதமும் வைக்கப்பட்டது. பெயர் எதுவானாலும் அது வேலைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது, பணிக்கொடைச் சட்டத்தின் இலக்கணத்துக்குள் வருகிறது என்று நீதிமன்றம் கூறி, அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றது.

உங்கள் கையில் அதைவிட வலுவான ஒன்று இருக்கிறது. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். மகளின் கல்விக் கடனுக்காக 2023இல் பள்ளியிலிருந்து சம்பளச் சான்றிதழ் வாங்கி வங்கியில் கொடுத்தீர்களே, அதில் ‘மாதச் சம்பளம் ரூபாய் 13,000’ என்று தாளாளர் கையெழுத்திட்டிருக்கிறார். வவுச்சரில் ஹானரேரியம், வங்கிக்குச் சம்பளம்! முதல் வேலையாக அந்த வங்கிக் கிளைக்குப் போய், கடன் கோப்பில் உள்ள சான்றிதழின் நகலுக்கு விண்ணப்பியுங்கள். 2019க்கு முந்தைய வவுச்சர்களில் ‘சேலரி’ என்று இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இடையில் யாரோ ஓர் ஆடிட்டர் யோசனை சொல்லி முத்திரை செய்யக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் ஒப்புதல் இல்லாமல் நடுவழியில் பெயர் மாற்றியது அவர்களுக்குத்தான் சங்கடம்.

பெயருக்குள் கூலியை ஒளிப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. இந்த விஷயத்தில் ராஜராஜன் காலத்துக் கணக்கர்கள் நேர்மையானவர்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் புறச்சுவரில், கோயில் பணி செய்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கும் இன்ன தெருவில் இன்ன வீடு, ஆண்டுக்கு ஒரு பங்குக்கு நூறு கலம் நெல் என்று பேர்பேராக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒருவர் இறந்தாலோ வேற்றூர் போனாலோ அந்தப் பங்கு யாருக்கு என்பதுவரை கல்லில் இருக்கிறது. அங்கே யாரும் வந்து, பங்கு என்றுதானே எழுதியிருக்கிறது, கூலி இல்லையே என்று கேட்டிருக்க முடியாது.

ஆசிரியருக்குப் பணிக்கொடை இல்லை என்பது

ஆசிரியர் சங்கத்தில் ஒருவர் இப்படிச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பழைய தீர்ப்பை நினைவில் வைத்திருக்கிறார். 2004இல் உச்ச நீதிமன்றம், அன்றைய சட்டத்தில் ‘பணியாளர்’ என்பதற்கு இருந்த விளக்கத்தில் ஆசிரியர் அடங்க மாட்டார் என்றது உண்மை. பிறகு 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, எந்த வகை வேலையானாலும் ஊதியத்துக்கு அமர்த்தப்பட்டவர் பணியாளரே என்று மாற்றியது. அதையும் 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும்படி செய்தது. தனியார் பள்ளி நிர்வாகங்கள் இதை எதிர்த்துப் போன வழக்கில் 2022 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று கூறிவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் பள்ளிக்குச் சட்டம் பொருந்தும். உங்கள் பள்ளியில் முப்பது பேருக்குக் குறையாது என்கிறீர்கள்.

மே மாத இடைவெளியைப் பற்றிக் கவலை வேண்டாம். தொடர்பணி என்பதற்குச் சட்டம் நாள் கணக்கு வைத்திருக்கிறது: பன்னிரண்டு மாதத்தில் 240 நாள்; வாரத்துக்கு ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடமானால் 190 நாள். ஜூன் முதல் ஏப்ரல் வரை வேலை பார்த்தவருக்கு இது எட்டாத எண்ணிக்கை அல்ல. ஒரே ஆளை ஒரே பாடத்துக்கு ஒவ்வொரு ஜூனிலும் ‘புதிதாக’ எடுத்தோம் என்று சொன்னால் எந்த அதிகாரியும் சிரிக்காமல் கேட்பது கடினம். நீங்கள் 2011இல் சேர்ந்ததற்கான சான்றுகளைத் திரட்டுங்கள்: நியமன ஆணை, பொதுத்தேர்வுக் கண்காணிப்புப் பணிக்கு வந்த ஆணைகள், பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பள்ளி பதிந்துள்ள ஆசிரியர் விவரம், ஆண்டு மலரில் வந்த குழுப் படம்கூட உதவும்.

‘எந்தப் பாக்கியும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்த தாளும் உங்களைக் கட்டாது. பணிக்கொடைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, வேறு எந்த ஒப்பந்தத்தில் எதிராக எழுதியிருந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கும் என்கிறது. சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு வாங்கிய கையெழுத்து அது என்பதை மனுவில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், போதும்.

எவ்வளவு வரும், எங்கே குறையலாம்

கணக்கு டீச்சருக்கு நான் கணக்குச் சொல்வது அதிகப்பிரசங்கம்தான். இருந்தாலும் சூத்திரம் இது: கடைசி மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதி முழு ஆண்டாகும் என்பதால் உங்களுக்கு 14 ஆண்டுகள். 13,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 7,500 வீதம் மொத்தம் 1,05,000 ரூபாய்.

இங்கேதான் அந்தப் பயணப்படி குறுக்கே வருகிறது. ‘எல்லா எமாலுமென்ட்ஸும்’ என்று தாராளமாகத் தொடங்கிய அதே இலக்கணம், முடியும்போது போனஸ், கமிஷன், வீட்டு வாடகைப்படி, மிகைநேர ஊதியம், மற்ற படிகள் ஆகியவற்றை விலக்கிவிடுகிறது. அகவிலைப்படி மட்டும் உள்ளே உண்டு. 2,600 ரூபாய் உண்மையான பயணப்படிதான் என்று அதிகாரி ஏற்றுக்கொண்டால் 10,400க்குத்தான் கணக்கு: ஆண்டுக்கு 6,000, மொத்தம் 84,000. இந்த 21,000 ரூபாய் வித்தியாசத்தை நீங்கள் முழு நம்பிக்கையோடு எதிர்பார்க்க வேண்டாம். வாதிட இடமிருக்கிறது: ஆணையில் பிரிவினை இல்லாத தொகுப்பூதியம், பள்ளிக்கு எதிர்த்தெருவில் வீடு, ரசீது எதுவும் கேட்காமல் எல்லோருக்கும் ஒரே தொகை, 13,000 என்ற சம்பளச் சான்றிதழ். இவற்றை வைத்துக் கேட்போம். கிடைக்காவிட்டாலும் 84,000 கையை விட்டுப் போகாது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. படிகளை எவ்வளவு விலக்கலாம் என்பதற்கு அவற்றில் மொத்தத் தொகையில் பாதி என்ற வரம்பு இருக்கிறது. நீங்கள் அதற்கு முன்பே விலகிவிட்டதால் உங்கள் உரிமை 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பிறந்தது. இதைக் காட்டி யாராவது குழப்பினால் உங்கள் விலகல் தேதியைச் சொல்லுங்கள்.

எப்படிக் கேட்பது

முதலில் நிர்வாகத்துக்கு ‘ஐ’ (I) படிவத்தில் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். முப்பது நாளைக்குள் என்று விதி சொன்னாலும், தாமதமானது என்பதற்காக மட்டும் நிராகரிக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. தாயாரின் மருத்துவமனைச் சீட்டுகளை இணைத்துக் காரணம் எழுதுங்கள். நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். நிர்வாகம் மறுத்தால் அல்லது பதினைந்து நாளாகியும் வாயைத் திறக்காவிட்டால் ‘என்’ (N) படிவத்தில் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு. அதற்குத் தொண்ணூறு நாள். தக்க காரணம் இருந்தால் அதிகாரி பின்னும் ஏற்கலாம். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றில்லை. நிர்வாகம் தோற்று மேல்முறையீட்டுக்குப் போவதானால் பணிக்கொடைத் தொகையை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். தாமதத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீத சாதாரண வட்டியும் உண்டு. பெரும்பாலான நிர்வாகங்கள் இந்த இடத்தில் சமாதானத்துக்கு வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பி.எஃப். தனிப் பாதை. இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், நீங்கள் சேர்ந்தபோது இருந்த 6,500 ரூபாய் வரம்புக்குள்ளும், 2014 செப்டம்பர் முதல் உள்ள 15,000 ரூபாய் வரம்புக்குள்ளும் வந்த சம்பளம். எனவே உங்களை முதல் நாளே சேர்த்திருக்க வேண்டும். வைப்பு நிதி நிறுவனத்தின் திருச்சி மண்டல அலுவலகத்துக்குப் புகார் எழுதுங்கள். பதினான்கு ஆண்டுத் தொகை கையில் கிடைக்கும் என்று நீங்கள் எண்ணுவது மட்டும் சரியல்ல. நிர்வாகத்தின் பங்கில் பெரும்பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். ஆனால் பத்தாண்டுப் பணி தேறினால் 58 வயதில் மாத ஓய்வூதியம் பெறும் தகுதி வரும். அது சின்னத் தொகையானாலும் உங்கள் வயதில் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. படிகளைப் பிரித்துக் காட்டும் தந்திரம் இங்கே அவ்வளவாகப் பலிக்காது. எல்லோருக்கும் ஒரேமாதிரி கொடுக்கும் படி அடிப்படை ஊதியத்தில் சேரும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்குகளில் ஒன்று ஒரு பள்ளியுடையதே.

அரசுப் பள்ளி ஆசிரியருக்கு இணையான சம்பள வித்தியாசத்தையும் சேர்த்துக் கேட்கலாமா என்று வினவியிருக்கிறீர்கள். வேண்டாம். குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துக்குள்ளேயே ஆசிரியர் வரமாட்டார் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆறப் பொறுத்தால் கிடைக்கும் சோற்றோடு கிடைக்காத கறியையும் கேட்டு மனுவை வலுவிழக்கச் செய்யாதீர்கள்.

அந்த ஆறு மா

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த பகுதி சட்டப் பிரிவுகள் அல்ல, இதுதான். ஒரு லட்ச ரூபாய்க்காகக் குறுவையும் சம்பாவும் விளையும் நிலத்தைப் பணயம் வைக்கலாமா என்ற பயம் நியாயமானது. ஆனால் கண்மூடித்தனமாகப் பயப்படவும் வேண்டாம். சாகுபடி செய்யும் குத்தகைதாரரை நினைத்த நேரத்தில் வெளியேற்ற 1955ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் இடம்கொடாது. டெல்டாவில் வருவாய் நீதிமன்றங்கள் இயங்குவதே இந்த வழக்குகளுக்காகத்தான். கேட்க வேண்டியது வேறு: 1969ஆம் ஆண்டுச் சட்டப்படியான குத்தகைப் பதிவேட்டில் உங்கள் கணவர் பெயர் இருக்கிறதா? குத்தகை நெல் அளந்ததற்கு ரசீது உண்டா? பாக்கி ஏதும் இருக்கிறதா?

பெயர் பதிவாகி, பாக்கி இல்லாமல் இருந்தால் நாளைக்கே தபாலை அனுப்பலாம். வாய்மொழிக் குத்தகை, ரசீது இல்லை என்றால் முதலில் தாலுகா அலுவலகத்தில் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். இந்தப் போகத்துக் குத்தகையைச் சாட்சி வைத்து அளந்து கொடுங்கள். வாங்க மறுத்தால் சட்டப்படி கட்டிவைக்க வழியிருக்கிறது. பாக்கி வைத்திருந்தால் அதைத் தீர்க்காமல் பணிக்கொடைக்குக் கிளம்ப வேண்டாம். வெளியேற்றக் கோர நிலக்காரருக்கு அதுவே காரணமாகிவிடும். இதற்காக ஓரிரு மாதம் தாமதமானால் ஆகட்டும். அதற்குமேல் தள்ளிப்போடாதீர்கள். இந்த முடிவைக் கணவரும் நீங்களும் சேர்ந்து எடுக்க வேண்டும். குத்தகைச் சாகுபடி அவருடையது.

அங்கே இன்னும் வேலை பார்க்கும் மூன்று தோழியரை உங்கள் மனுவில் சேர்க்கலாமா என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். சேர்க்காதீர்கள். பணியில் இருப்பவருக்குப் பணிக்கொடை கேட்கும் நேரம் இன்னும் வரவில்லை. பி.எஃப். புகார் அவர்கள் இப்போதே கொடுக்கலாம், அது அவர்கள் துணிவைப் பொறுத்தது. இப்போதைக்கு அவர்கள் செய்ய வேண்டியது, மாதாமாதம் வவுச்சரில் கையெழுத்துப் போடும் முன் அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது. நியமன ஆணையின் நகல் வீட்டில் இல்லையென்றால் ஒன்று வாங்கி வைப்பது.